பாட்டிலில் எழுதிய ஊரும் பீர் பிறந்த ஊரும்

ஜெர்மனியின் வடக்கே உள்ள துறைமுக நகரம் பிரெமன். அங்கே 1873-இல் தொடங்கிய பெக்ஸ் பீர், அமெரிக்கக் கடைகளில் பல பத்தாண்டுகளாக இறக்குமதிச் சரக்குக்கான அலமாரியில் இருந்தது. விலையும் உள்ளூர் பீரைவிடக் கூடுதல். 2012-இல் அதன் உரிமையாளரான ஏபி இன்பெவ் நிறுவனம், அமெரிக்காவில் விற்கும் பெக்ஸை மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரிலிருக்கும் தன் ஆலையிலேயே தயாரிக்கத் தொடங்கியது. பச்சை பாட்டில் மாறவில்லை, சாவிச் சின்னம் மாறவில்லை. 'பிரெமனில் தோன்றியது', 'ஜெர்மன் தரம்' என்ற வாசகங்களும் அப்படியே இருந்தன. அமெரிக்கத் தயாரிப்பு என்ற தகவல், வெள்ளிநிற லேபிளில் வெள்ளை எழுத்தில், உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவில் அச்சாகியிருந்தது. வாங்கியவர்கள் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். 2015-இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ரசீது வைத்திருந்த குடும்பத்துக்கு 50 டாலர் வரையும் ரசீது இல்லாதவர்களுக்கு 12 டாலர் வரையும் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஜப்பானின் கிரின் பீர் தொடர்பாகவும் அதே நிறுவனத்தின் மீது இதுபோன்ற வழக்கு நடந்தது. அந்தக் கிரின் லாஸ் ஏஞ்சலிஸிலும் வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க்கிலும் தயாரானது.

இந்த வழக்குகள் பணத்தைப் பற்றியவை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படும் கேள்வி ஒன்றை அவை தொடாமலே விட்டுவிட்டன. ஆலை மாறியதால் சுவை மாறியதா? மாறியது என்றே பெரும்பாலோர் நம்புகிறார்கள். ஊர்த் தண்ணீர், ஊர்க் காற்று, அந்த மண்ணின் கைமணம் ஆகியவை இல்லாமல் அதே பீர் எப்படி வரும் என்று கேட்கிறார்கள். வேதியியலும் நுண்ணுயிரியலும் வேறு பதில் தருகின்றன. பீரின் சுவையை ஆலையின் ஊர் தீர்மானிப்பது மிகக் குறைவு. செய்முறையில் எடுக்கும் முடிவுகளும், புட்டியில் அடைத்த பிறகு அது கடக்கும் நாட்களும், வெப்பமும், வெளிச்சமுமே பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன. அப்படிப் பார்த்தால், கடல் கடந்து வந்த 'அசல்' பீரைவிட, அருகிலிருக்கும் ஆலையில் ஒழுங்காகத் தயாரான 'நகல்' அந்த அசலின் சுவைக்கு நெருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

முதலில், இது எவ்வளவு பரவலான வழக்கம் என்று பார்ப்போம். பெல்ஜியத்தின் லூவன் நகரத்துப் பீரான ஸ்டெல்லா ஆர்ட்வா, அமெரிக்கச் சந்தைக்காக 2021 முதல் அமெரிக்க ஆலைகளில் தயாராகிறது. ஜப்பானின் சப்போரோ கனடாவின் குவெல்ஃப் நகரிலிருந்து நெடுங்காலம் அமெரிக்காவுக்குப் போனது. ஆஸ்திரேலியப் பெயரோடு பிரிட்டனில் ஓடும் ஃபாஸ்டர்ஸ் மான்செஸ்டரில் பிறக்கிறது. ஸ்பானியச் சாயலோடு விற்கும் சான் மிகெல் நார்தாம்ப்டனில் தயாரானது. 2020-இல் பிரிட்டனில் அறிமுகமான மாத்ரி என்ற பீர், மாட்ரிட்டின் பெயரைத் தாங்கியபடி இங்கிலாந்து ஆலைகளில் காய்ச்சப்படுகிறது. நம் பக்கத்துக் கதையும் இதேதான். லண்டனின் இந்திய உணவகங்களுக்காக உருவான கோப்ரா, 1990-இல் பெங்களூரிலிருந்து கப்பலில் போனது. சில ஆண்டுகளில் அது இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்கு மாறி, பின்னர் பர்ட்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்தது. கிங்ஃபிஷரை இங்கிலாந்தின் கென்ட் பகுதி ஆலையொன்று காய்ச்சியது, அமெரிக்காவில் கலிஃபோர்னியா ஆலை காய்ச்சியது. இந்தியாவில் விற்கும் ஹைனெகன், பட்வைசர், கார்ல்ஸ்பெர்க் ஆகியவை மும்பை அருகிலுள்ள தலோஜா, ஹைதராபாத் சுற்றுவட்டாரம், ராஜஸ்தானின் ஆல்வார் போன்ற இடங்களில் தயாராகி வந்தவை. இலங்கையின் கார்ல்ஸ்பெர்க் பியகம ஆலையில் பிறக்கிறது. காரணம் எளிது. பீரில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். தண்ணீரைக் கண்ணாடியில் அடைத்துக் கடல் கடத்துவது வீண்செலவு, அதன்மேல் சுங்க வரி வேறு.

தண்ணீர் என்று வந்துவிட்டதால், ஊருக்கு ஆதரவான மிக வலுவான வாதத்தை இங்கேயே எடுத்துக்கொள்ளலாம். வரலாற்றில் அந்த வாதம் உண்மைதான். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்துக் கிணற்று நீரில் ஜிப்சம் மிகுதி. லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கும் மேல் சல்ஃபேட் இருந்ததால் ஹாப்ஸ் பூவின் கசப்பு அங்கே கூர்மையாக, நாக்கில் இனிப்பு தங்காமல் வெளிப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த ஆங்கிலேயருக்காகக் கப்பலேறிய வெளிர்நிற ஏல் வகையில் அந்நகரம் பேர்பெற்றதற்கு இந்நீர் பெரிய காரணம். செக் நாட்டின் பில்சன் நகரத்து நீரோ ஏறக்குறைய மழைநீர் போல மென்மையானது. 1842-இல் ஜோசப் க்ரோல் அங்கே பொன்னிற பீரை உருவாக்கியபோது, கசப்பு உறுத்தாமல், முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்ட்டின் இனிமை மேலெழுந்ததற்கு அந்த நீர் துணைநின்றது. டப்ளினின் நீரில் பைகார்பனேட் அதிகம். வெளிர் மால்ட்டை அது கெடுக்கும். கருக வறுத்த பார்லியின் அமிலத்தன்மை அந்த நீரைச் சமன் செய்யும் என்பதால் அங்கே கருநிற ஸ்டவுட் செழித்தது. ஊர் பீரைப் படைத்தது என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொன்னால் மறுக்க ஒன்றுமில்லை.

அந்த உறவு அறுந்து பல காலமாகிவிட்டது. நீரில் கரைந்திருக்கும் உப்புகளைச் சவ்வு வழியே முழுவதும் வடிகட்டிவிட்டு, வேண்டிய கால்சியம், சல்ஃபேட், குளோரைடை அளந்து சேர்ப்பது இன்றைய பெரிய ஆலைகளுக்கு அன்றாட வேலை. பர்ட்டன் நீரைப் போலவே ஜிப்சம் சேர்த்து நீரைத் திருத்தும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. மால்ட்டும் ஹாப்ஸும் உலர்ந்த சரக்குகள், கப்பலில் கெடாமல் போகும். செக் நாட்டின் ஜாடெட்ஸ் வட்டாரத்து ஹாப்ஸை உருண்டைகளாக அழுத்தி, காற்றுப்புகாத உறையில் அடைத்து, குளிரூட்டி அனுப்பினால் அது எந்தக் கண்டத்திலும் அதே ஹாப்ஸ்தான். அனுப்ப முடியாதது என்று மிஞ்சுவது ஒன்றுமில்லை. பீரின் கையெழுத்து என்று சொல்லத்தக்க ஈஸ்ட்டைக் கூட அனுப்ப முடியும்.

ஈஸ்ட்டின் கதையைச் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பீருக்கு ஊர் தேவையற்றுப் போனது அதனால்தான். 1883-இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன், ஒரே ஒரு ஈஸ்ட் செல்லிலிருந்து தூய வளர்ப்பை உருவாக்கினார். அதுவரை ஒவ்வோர் ஆலையின் தொட்டியிலும் பல வகை ஈஸ்ட்டுகளும் பாக்டீரியாக்களும் கலந்தே வாழ்ந்தன. அந்தக் கலவை உண்மையிலேயே அந்த இடத்துக்குச் சொந்தமானது. கெட்டுப்போவதும் அடிக்கடி நிகழ்ந்தது. ஹான்சனின் முறை வந்தபின் பீரின் குணத்தைச் சோதனைக்குழாயில் அடைத்து அனுப்ப முடிந்தது. கார்ல்ஸ்பெர்க் நிறுவனம் அந்த ஈஸ்ட்டை மற்ற ஆலைகளுக்கும் தாராளமாகக் கொடுத்தது. அறிவியல் வரலாற்றில் மறக்கக்கூடாத பெருந்தன்மை அது. மூன்றே ஆண்டுகளில், 1886-இல், பாஸ்டரின் மாணவரான எலியோன் ஹைனெகனுக்காக ஒரு தனி ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். அதன் வழித்தோன்றல்கள்தான் இன்று பல நாடுகளின் ஹைனெகன் ஆலைகளுக்குப் போகின்றன. வாழைப்பழ வாசனை தரும் ஐசோஅமைல் அசிட்டேட் உள்ளிட்ட நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உருவாக்குவது இந்த நுண்ணுயிர். அது ஊர்விட்டு ஊர் போகும்போது பீரின் முகமும் கூடவே போகிறது.

ஆனால் ஈஸ்ட் போய்ச் சேர்ந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரே அரிசி, ஒரே உளுந்து, ஒரே கையளவில் அரைத்த இட்லி மாவு சென்னையில் ஒரு விதமாகவும் ஊட்டியில் வேறு விதமாகவும் புளிப்பதைப் போல, ஒரே ஈஸ்ட் வெவ்வேறு தொட்டிகளில் வெவ்வேறு மணங்களைத் தரும். நொதிக்கும் வெப்பம் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் பழ வாசனை கூடும். உயரமான உருளைத் தொட்டியில் அடியில் அழுத்தமும் கரைந்த கரியமில வாயுவும் அதிகம், அது பழ வாசனையை அடக்கும். பெரிய நிறுவனங்கள் இன்னொரு சிக்கனமும் செய்கின்றன. அடர்த்தியான சாற்றை நொதிக்கவைத்து, இறுதியில் ஆக்ஸிஜன் நீக்கிய நீரைச் சேர்த்து வேண்டிய அளவுக்கு இளக்குகிறார்கள். இதில் சில மணப்பொருள்களின் விகிதம் மாறிவிடும். ஆகவே புதிய ஆலைக்கு ஒரு பீரை மாற்றுவது மாதக்கணக்கான வேலை. ஒரு தொகுதி காய்ச்சி, வாயுநிறப்பகுப்புக் கருவியில் மணப்பொருள்களை அளந்து, பயிற்சி பெற்ற சுவைஞர் குழுவிடம் மூல பீரோடு ஒப்பிடக் கொடுத்து, வேறுபாடு மறையும்வரை திருத்திக்கொண்டே போவார்கள். பட்வைசரை அமெரிக்காவின் பல மூலைகளிலிருக்கும் ஆலைகளில் காய்ச்சிய ஆன்ஹைசர்-புஷ், எல்லா ஆலைகளின் மாதிரிகளையும் செயின்ட் லூயிஸுக்கு விமானத்தில் வரவழைத்துச் சுவைபார்ப்பதைப் பல பத்தாண்டுகள் கடைப்பிடித்தது. அந்தப் பீரின் சுவை பிடிக்காதவர்கள்கூட, எந்த ஆலையிலிருந்து வந்தாலும் அது ஒரே மாதிரி இருந்ததை மறுத்ததில்லை. ஒற்றுமை இயல்பாக வருவதில்லை. உழைத்தால் வருகிறது.

இப்போது மறுபக்கத்தைப் பார்ப்போம். பிறந்த ஊரிலேயே காய்ச்சி, அங்கேயே அடைத்து, உண்மையாகவே இறக்குமதியாகும் பீருக்கு வழியில் என்ன நேர்கிறது? புட்டிக்குள் அடைபடும் கணத்திலிருந்தே பீர் முதுமை அடைகிறது. முதல் எதிரி ஆக்ஸிஜன். மூடும்போது தப்பித்தவறி உள்ளே தங்கும் ஆக்ஸிஜனை நூறு கோடிக்கு ஐம்பது பங்குக்கும் கீழே வைக்க ஆலைகள் பாடுபடுகின்றன. அவ்வளவு குறைந்த அளவும் போதும், மால்ட்டிலிருந்து வந்த கொழுப்பமிலங்கள் வழியே டிரான்ஸ்-2-நோனெனல் என்ற பொருள் மெல்ல வெளிப்படுவதற்கு. நனைந்த அட்டைப்பெட்டியின் வாசனை அதனுடையது. லிட்டருக்கு ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். ஹாப்ஸின் புதுமணம் மங்கும், கசப்பு மழுங்கும், தேன் போன்ற ஒரு மந்தமான இனிப்பு தலைதூக்கும். வெப்பம் பத்து டிகிரி ஏறும்போதெல்லாம் இந்த வேதிவினைகளின் வேகம் இரண்டு மூன்று மடங்காகும். அமெரிக்க பீர்த் தொழிலில் ஒரு கைக்கணக்கு உண்டு: 32 டிகிரி செல்சியஸில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஏறத்தாழ ஒரே முதுமையைத் தரும். துல்லியமான விதி இல்லை இது, ஆனாலும் கண்ணைத் திறக்கும் கணக்கு. குளிரூட்டாத கன்டெய்னரில் வாரக்கணக்கில் கடலிலும், பிறகு துறைமுகத்திலும், பிறகு மொத்த வியாபாரியின் கிடங்கிலும் கிடந்துவரும் ஒரு பீர், அது பிறந்த ஊரில் குடிக்கப்படும் பீரிலிருந்து எவ்வளவு விலகியிருக்கும் என்று இதைவைத்து ஊகிக்கலாம்.

இரண்டாவது எதிரி வெளிச்சம். இதுதான் இந்தப் பொருளில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி. வெயிலில் வைத்த பீர் நாறுகிறது என்பதை 1875-லேயே ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் லின்ட்னர் பதிவு செய்தார். ஏன் என்பது முழுதாக விளங்க 2001 வரை ஆனது. அமெரிக்காவின் வட கரோலினாவிலும் பெல்ஜியத்தின் கெண்ட் நகரிலும் இருந்த ஆய்வாளர்கள் சேர்ந்து அந்த வினையைப் படிப்படியாகக் காட்டினார்கள். பீரில் இயல்பாகவே இருக்கும் ரைபோஃபிளேவின், அதாவது வைட்டமின் பி2, நீல ஒளியையும் புறஊதா ஒளியையும் உறிஞ்சிக் கிளர்ச்சியடைகிறது. அது ஹாப்ஸின் கசப்பு மூலக்கூறைத் தாக்கி உடைக்கிறது. உடைந்த துண்டு பீரிலிருக்கும் கந்தகச் சேர்மத்தோடு இணைந்து 3-மெத்தில்-2-பியூட்டீன்-1-தயால் என்ற பொருளாகிறது. ஸ்கங்க் என்னும் வட அமெரிக்க விலங்கு பகைவர் மேல் பீய்ச்சும் நாற்றநீரின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. லிட்டருக்கு ஒரு கிராமில் நூறு கோடியில் சில பங்கு போதும், வாசனை தெரிந்துவிடும். நேர் வெயிலில் இது சில நிமிடங்களில் நடக்கும், கடையின் குழல்விளக்கின் கீழ் சில நாட்களில் நடக்கும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெருமளவு தடுக்கும். பச்சைக் கண்ணாடி கொஞ்சமே தடுக்கும். நிறமற்ற கண்ணாடி ஏறக்குறைய ஒன்றும் செய்யாது.

இனி, இறக்குமதி என்று பேர்பெற்ற பீர்கள் எந்த நிறப் பாட்டிலில் வந்தன என்று எண்ணிப் பாருங்கள். ஹைனெகன், பெக்ஸ், க்ரோல்ஷ் என்று பச்சை வரிசை நீளும். மெக்சிகோவின் கொரோனா நிறமற்ற பாட்டிலில் வருகிறது. அந்த லேசான ஸ்கங்க் நெடியையே பல தலைமுறை அமெரிக்கர்கள் 'வெளிநாட்டு பீரின் தனிச்சுவை' என்று பழகிக்கொண்டார்கள். ஆம்ஸ்டர்டாமில் பீப்பாயிலிருந்து ஊற்றிக் கொடுக்கும் ஹைனெகனில் அந்த நெடி இருக்காது. கேனில் வரும் ஹைனெகனிலும் இருக்காது. ஆகவே இறக்குமதியின் அடையாளமாகப் பலர் போற்றிய சுவையில் ஒரு பங்கு, பயணமும் கண்ணாடியும் சேர்ந்து செய்த கேடு. உள்நாட்டில் தயாரித்ததால் 'அந்தச் சுவை போய்விட்டது' என்று ஒருவர் வருந்தினால், போனது ஹாலந்தின் மண்வாசனையா, வெயில் பட்ட கந்தகமா என்று முதலில் கேட்க வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவது: இரண்டையும் குடித்தவர்கள் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்களே, அவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? பொய் இல்லை. அவர்கள் உணர்வது உண்மை, அதற்குச் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தவறு. 1964-இல் அலிசன், உல் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், லேபிள் இல்லாமல் கொடுத்தபோது பீர் குடிப்பவர்கள் தங்கள் வழக்கமான பிராண்டைப் பொதுவாக அடையாளம் காணவில்லை. லேபிளோடு கொடுத்தவுடன் தங்கள் பிராண்டுக்கு மதிப்பெண் கூட்டிக் கொடுத்தார்கள். 2014-இல் வெளிவந்த ஒரு ஆய்வில், ஹைனெகன், ஸ்டெல்லா ஆர்ட்வா, செக் நாட்டு புட்வர் ஆகிய, குளிரில் நொதித்து முதிரும் லாகர் வகையைச் சேர்ந்த மூன்று வெவ்வேறு பீர்களையே மறைத்துக் கொடுத்தபோது, சாதாரணக் குடிப்பாளர்களால் குருட்டு ஊகத்தைவிடக் குறிப்பிடத்தக்க அளவு நன்றாகப் பிரித்தறிய முடியவில்லை. மூன்று வேறு நாட்டு பீர்களுக்கே இந்தக் கதி என்றால், ஒரே பீரின் இரண்டு ஆலைகளைப் பற்றி என்ன சொல்வது! 2006-இல் லீ, ஃப்ரெடரிக், ஏரியலி ஆகியோர் பாஸ்டனை அடுத்த மதுக்கூடங்களில் செய்த சோதனை இன்னும் கூர்மையானது. பீரில் சில துளி பால்சாமிக் வினிகர் சேர்த்துக் கொடுத்தார்கள். எதுவும் சொல்லாதபோது பெரும்பாலோர் வினிகர் பீரையே விரும்பினார்கள். குடிக்கும் முன்பே சொல்லிவிட்டால் முகம் சுளித்தார்கள். குடித்தபின் சொன்னால் விருப்பம் அவ்வளவாகக் குறையவில்லை. முன்கூட்டித் தெரிந்த செய்தி நாக்கின் அனுபவத்தையே மாற்றுகிறது. 'ஜெர்மன்' என்ற சொல்லும் அப்படியொரு செய்திதான்.

இங்கே கின்னஸை முன்னிறுத்துவார்கள். அயர்லாந்தில் குடிக்கும் கின்னஸ் வேறு என்பது உலகப் பிரசித்தம். இதை உண்மையாகவே சோதித்திருக்கிறார்கள். 2011-இல் உணவு அறிவியல் இதழொன்றில் வந்த ஆய்வுக்காக நான்கு ஆய்வாளர்கள் 14 நாடுகளின் 33 நகரங்களில் 71 மதுக்கூடங்களில் 103 முறை கின்னஸைச் சுவைத்து மதிப்பெண் இட்டார்கள். நூற்றுக்கு அயர்லாந்தில் சராசரி 74, வெளியே 57. மதுக்கூடத்தின் சூழல் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னும் இடைவெளி மறையவில்லை. ஊரின் பக்கம் சாயும் ஆதாரம் போலத் தெரியும். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குழாயிலிருந்து ஊற்றும் கின்னஸ் பெரும்பாலும் டப்ளினின் செயின்ட் ஜேம்ஸ் கேட் ஆலையிலிருந்தே போகிறது. லண்டனின் பார்க் ராயல் ஆலை 2005-இல் மூடப்பட்டபின் பிரிட்டனுக்கும் அங்கிருந்துதான். ஆலை ஒன்றே, சுவை வேறு என்றால், வேறுபாட்டை ஆலையில் தேடிப் பயனில்லை. அயர்லாந்தில் பீப்பாய்கள் வேகமாகக் காலியாகின்றன, குழாய்கள் அடிக்கடி சுத்தமாகின்றன, ஊற்றுபவருக்குக் கை பழகியிருக்கிறது. அதோடு, சுவைத்தவர்களுக்குத் தாங்கள் எந்த நாட்டில் அமர்ந்திருக்கிறோம் என்பதும் தெரியும்.

இடம் மாறியதால் சுவை உண்மையாகவே மாறிய பீர்கள் இல்லையா? உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து இகேஜா பகுதியில் 1962 முதல் கின்னஸ் தயாராகிறது. 1980-களின் பிற்பகுதியில் நைஜீரிய அரசு பார்லி இறக்குமதிக்குத் தடை விதித்தது. ஆலை சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறியது. டப்ளினிலிருந்து வரும் அடர்த்தியான சாறு நிறத்தையும் கருகல் சுவையையும் தருகிறது, அடிப்படை பீர் உள்ளூர்த் தானியத்தில் பிறக்கிறது. அது டப்ளின் கின்னஸைவிட இனிப்பும் வலுவும் கூடியது, அதையே விரும்பி இங்கிலாந்தில் தேடி வாங்குபவர்களும் இருக்கிறார்கள். 1970-களில் மில்லர் நிறுவனம் மியூனிக்கின் லோவன்ப்ராவை அமெரிக்காவில் தயாரிக்கத் தொடங்கியபோது மால்ட்டோடு மக்காச்சோளத்தையும் சேர்த்தது. ஜெர்மனியின் தூய்மைச் சட்டத்தில் அதற்கு இடமே கிடையாது. பிரிட்டனில் 2023-இல் ஃபாஸ்டர்ஸின் ஆல்கஹால் அளவை 4 சதவீதத்திலிருந்து 3.7 ஆக்கினார்கள், அங்கே வரி ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது. இந்த மூன்றிலும் சுவையை மாற்றியது ஊரின் மண்ணோ நீரோ அல்ல. முதலாவதில் அரசின் தடை, இரண்டாவதில் செலவுக் கணக்கு, மூன்றாவதில் வரி. இம்மாற்றங்களை ஒரு நிறுவனம் சொந்த ஊர் ஆலையிலும் செய்யலாம். புது நாட்டில் புதிதாகத் தொடங்கும்போது செய்தால் ஒப்பிட்டுக் கேள்வி கேட்க ஆளில்லை என்பதுதான் வித்தியாசம். உரிமம் பெற்ற தயாரிப்பின் மீது நியாயமான சந்தேகம் வைக்க வேண்டிய இடம் இது.

எல்லா பீரும் பயணத்தில் கெடுவதில்லை என்பதும் சரியான எதிர்வாதமே. ஆல்கஹால் கூடிய, கருநிற, புட்டிக்குள்ளேயே ஈஸ்ட் உயிரோடிருக்கும் வகைகள் நெடும்பயணத்தைத் தாங்கும். பெல்ஜியத் துறவிமடத்தின் ஓர்வால் பீரில் பிரெட்டனோமைசிஸ் என்ற காட்டு ஈஸ்ட் புட்டிக்குள் மாதக்கணக்கில் வேலைசெய்து புதுச் சுவைகளை எழுப்பும். இத்தகைய பீர்களை இறக்குமதியாக வாங்குவதில் பொருள் உண்டு. ஆனால் உலகெங்கும் பெயரை விற்று ஓடும் இறக்குமதிப் பிராண்டுகள் பெரும்பாலும் வெளிர்நிற லாகர்கள். முதுமையின் குறை ஒளிந்துகொள்ள இடமே இல்லாத மெல்லிய பீர் அது.

சட்டம் இந்த விஷயத்தில் தடுமாறுகிறது. பெக்ஸ் வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ஜமைக்காவின் ரெட் ஸ்ட்ரைப் 2012 முதல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் தயாரானது குறித்த வழக்கு 2016-இல் தள்ளுபடியானது, ஃபாஸ்டர்ஸ் வழக்கு 2017-இல் தள்ளுபடியானது. லேபிளின் ஓரத்தில் உண்மையான ஊர் அச்சாகியிருந்தது அந்த நீதிமன்றங்களுக்குப் போதுமானதாக இருந்தது. ரெட் ஸ்ட்ரைப்பைப் பின்னர் வாங்கிய ஹைனெகன், 2016-இல் அமெரிக்காவுக்கான தயாரிப்பை ஜமைக்காவுக்கே திருப்பிக் கொண்டுபோனது. ஒரு பெயரை அதன் ஊரில் தயாராகும் பொருளுக்கு மட்டும் உரியதாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு வேறு வழியில் போய் முட்டியது. நியூகாசில் பிரௌன் ஏல் 2000-இல் அந்தப் பாதுகாப்பைப் பெற்றது. 2005-இல் ஆலை டைன் ஆற்றைக் கடந்து எதிர்க்கரையிலிருக்கும் கேட்ஸ்ஹெட்டுக்கு மாறியதும், தான் கேட்டு வாங்கிய பாதுகாப்பையே நிறுவனம் ரத்து செய்யச் சொல்ல வேண்டியதாயிற்று. 2010-இல் அது யார்க்ஷயருக்கே போய்விட்டது. செக் நாட்டின் செஸ்கே புடெயோவிட்செ நகரில், அரசுக்குச் சொந்தமான புட்வர் ஆலை தன் பீரை அந்த ஊருக்கு வெளியே காய்ச்சுவதே இல்லை. அதன் சிறப்பைக் காப்பது எது என்று பார்த்தால், சுமார் 90 நாள் குளிரில் முதிரவைப்பதும், ஜாடெட்ஸ் ஹாப்ஸை முழுப் பூவாகச் சேர்ப்பதும் தெரியும். வேறெந்த ஊரிலும் செய்யக்கூடியவைதான் இவை. பிற இடங்களில் செலவைப் பார்த்துச் செய்வதில்லை. ஊரை விட்டு நகர மறுக்கும் ஆலை அந்தச் செலவையும் குறைக்க மறுக்கிறது என்பதே அங்கே ஊரின் மதிப்பு.

ஆகவே ஏமாற்றுதலும் சுவையும் இருவேறு கணக்குகள் என்று பிரித்துப் பார்ப்பதே நியாயம். செயின்ட் லூயிஸில் தயாரித்ததை ஜெர்மன் விலைக்கு விற்றது தவறு. கடல் கடக்கும் செலவு இல்லாதபோது அந்த விலையைக் கேட்க உரிமையில்லை, மங்கிய எழுத்தில் ஊரை ஒளித்தது நேர்மையும் இல்லை. அதனால் அந்தப் பீர் தாழ்ந்த பீர் ஆகிவிடாது. பிரெமன் செய்முறையை விட்டு விலகாமல் காய்ச்சியிருந்தால், நான்கு நாள் முன் செயின்ட் லூயிஸில் அடைத்த புட்டி, நான்கு மாதம் முன் பிரெமனில் அடைத்த புட்டியைவிட பிரெமன்காரர் குடிக்கும் பெக்ஸுக்கு நெருங்கியதாகவே இருக்கும்.

இந்தியாவில் மது மாநில அரசுகளின் அதிகாரத்தில் இருப்பதால், ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பவே தனித்தனி அனுமதியும் வரியும் உண்டு. அதனால் பெரிய பிராண்டுகள் பல மாநிலங்களில் ஆலைகளை வைத்திருக்கின்றன. வெளிநாட்டுப் பெயருள்ள பீர்கூட நம் கைக்கு வரும்போது வயது குறைந்ததாக இருக்க இது உதவுகிறது. நம் கோடைவெப்பமோ அந்த நன்மையைத் தின்றுவிடுகிறது. குளிரூட்டாத லாரியிலும் தகரக்கூரைக் கிடங்கிலும் 38 டிகிரியில் ஒரு வாரம் கிடந்த பீருக்கு, ஆலை அருகிலிருந்தும் பயனில்லை. கடைவாசலில் வெயில்படும் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கிய பச்சை பாட்டிலுக்கும் அதே நிலைதான். தயாரித்தவரின் முகவரியும் தயாரித்த மாதமும் ஆண்டும் லேபிளில் இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். வாங்குகிறவர்கள் பிராண்டின் நாட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தச் சிறிய எழுத்தைப் படிக்க வேண்டும். ஆலை அருகிலிருக்கிறதா, தேதி அண்மையதா, பாட்டில் பழுப்பா, கடைக்காரர் குளிரில் வைத்திருந்தாரா என்று பார்க்க வேண்டும். மாதத்தோடு நிறுத்தாமல் அடைத்த நாளையும், ஆலையின் ஊரையும், பிராண்டின் பெயர் தெரியும் அதே பக்கத்தில் அதே தெளிவில் அச்சிடும்படி நிறுவனங்களைக் கேட்க வாங்குகிறவர்களுக்கு முழு உரிமை இருக்கிறது. அதைக் கேளுங்கள்.